ஓட்டைக் கப்பலை எங்கே நிறுத்துவது?

கரையோரம் கட்டிவைத்த பழைய போர்க்கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கினால், கண் இருட்டுக்குப் பழகும் முன்பே காதில் விழுவது பம்புச் சத்தம். அமைப்பு எளிமையானது. அடியில் தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், சுவிட்ச் விழும், பம்பு ஓடும். தண்ணீர் வெளியே போனதும் மிதவை இறங்கும், பம்பு நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அருங்காட்சியகக் கப்பலின் உடல்நிலையைச் சொல்ல அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. போன வருடம் இருபது நிமிடம், இந்த வருடம் இரண்டு மணி நேரம் என்று அதில் இருந்தால் முடிவெடுக்கும் வேளை வந்துவிட்டது. கொஞ்சம் கடந்தும் போயிருக்கலாம்.

என்ன முடிவு எடுக்கலாம்? நடைமுறையில் ஐந்து வழிகள்தான். உள்ளிருந்து ஒட்டுப் போட்டுக்கொண்டு பம்பை ஓடவிடலாம். தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்தும் உலர்துறைக்கு இழுத்துப் போய்ப் பழுதுபார்க்கலாம். தண்ணீரை விட்டே நிரந்தரமாக வெளியே எடுத்துவிடலாம். நிற்கிற இடத்திலேயே சுற்றிச் சுவர் எழுப்பித் தண்ணீரை இறைக்கலாம். எதுவும் முடியாவிட்டால் விட்டுவிடலாம். ஐந்தையும் செய்து பார்த்தவர்கள் உலகில் இருக்கிறார்கள், அதனால் ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கப்பல்களுக்கு நான்காவது வழிதான் சரி. மலிவாகத் தெரியும் முதல் வழிதான் மற்ற எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறது.

ஒப்பிடும் முன், தண்ணீர் எங்கே புகுகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஆழத்தில் இருக்கும் அடித்தகடுதான் முதலில் அரிக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தண்ணீரும் காற்றும் சந்திக்கும் நீர்க்கோட்டில், ஒன்றிரண்டு அடி அகலப் பட்டையில்தான் துரு வேகமாகத் தின்னும். நனைந்து காய்ந்து மறுபடி நனையும் இடம் அது. ஆக்சிஜனுக்கும் பஞ்சமில்லை. 1898-இல் மணிலா விரிகுடாப் போரில் அமெரிக்கத் தளபதி டூயியின் கொடிக்கப்பலாக நின்ற ஒலிம்பியா, இப்போது பிலடெல்பியாவில் அருங்காட்சியகமாக இருக்கிறது. கடைசியாக உலர்துறை ஏறியது 1945-இல். அதன் பெரிய தலைவலி நீர்க்கோடுதான்.

முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல்களில் இன்னொரு பலவீனமும் உண்டு. அவற்றின் தகடுகளை வெல்டிங் செய்யவில்லை, ரிவெட் அடித்து இணைத்தார்கள். தகடு நன்றாக இருந்தாலும் ரிவெட்டின் தலை அரித்து உதிர்ந்தால் விரல் பருமனுக்கு ஒரு துளை திறந்துகொள்ளும். அப்படி ஆயிரக்கணக்கில் ரிவெட்டுகள்.

மேலிருந்து வரும் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1914-இல் சேவைக்கு வந்து இரண்டு உலகப் போர்களிலும் இருந்த டெக்சஸ், 1948-இல் அமெரிக்காவின் முதல் பாட்டில்ஷிப் (பெரும் பீரங்கிகள் கொண்ட கவசப் போர்க்கப்பல்) அருங்காட்சியகம் ஆனது. 1968-இல் அதன் மரத்தாலான மேல்தளத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். கான்கிரீட் வெடித்தது. மழைநீர் விரிசல் வழியே கீழ்த்தளங்களுக்கு இறங்கித் தேங்கியது. வெளித்தகட்டை வெளியிலிருந்து உப்புநீர் தின்ன, உள்ளிருந்து மழைநீர் தின்றது. 1988 முதல் 1990 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில்தான் அந்தக் கான்கிரீட் போய் மறுபடி மரத்தளம் வந்தது. ஓட்டை என்றதும் எல்லோரும் கீழே குனிகிறார்கள். ஒருமுறை மேலேயும் பார்க்க வேண்டும்.

சரி, முதல் வழி: ஒட்டும் பம்பும்.

முக்குளிப்பவர் வெளியிலிருந்து துளையை அடைப்பார். உள்ளே இருப்பவர்கள் மேல் தகடு வைத்தோ, எபாக்சிப் பசை பூசியோ, சிமென்ட் பெட்டி கட்டியோ நிறுத்துவார்கள். அவசரத்துக்கு இது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டு ஒட்டிக்கொள்ள அடியில் நல்ல இரும்பு இருக்க வேண்டுமே. துருப்பிடித்த தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு மணிபோல ஒலிக்கும். அரித்த தகடு மண்சுவரைத் தட்டியதுபோல மொத்தென்று ஒலித்து, மரப்பட்டை மாதிரி அடுக்கடுக்காக உரியும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் என்பதால், உரிந்து விழும் துண்டு விரல்கனம் இருக்கும், பார்க்க உறுதியாகவும் தெரியும். அதை எடுத்த பிறகு மிஞ்சும் தகடு சில சமயம் நகத்தின் கனம்கூட இருக்காது. அதன் விளிம்பில் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் புதிதாக ஓட்டை விழும். ஒட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவே ஈரம் சிக்கிக்கொண்டு அங்கேயும் அரிக்கும்.

பஃபலோவில் நிற்கும் தி சல்லிவன்ஸ் கப்பலுக்கு நடந்தது இதற்குச் சரியான பாடம். 1942 நவம்பரில் ஜூனோ கப்பலோடு உயிரிழந்த ஐந்து சகோதரர்களின் பெயர் தாங்கிய நாசகாரி (வேகமான சிறிய போர்க்கப்பல்) அது. 1977 முதல் பஃபலோவில் அருங்காட்சியகம். அடிப்பாகத்தை நிற்கிற இடத்திலேயே அடைக்கும் வேலைக்குப் பணம் திரட்டி, வேலையும் தொடங்கியிருந்தார்கள். அந்த நிலையில்தான் 2022 ஏப்ரல் நடுவில் ஓரிரவில் தண்ணீர் புகுந்து கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, பின்பகுதி துறைமுகத் தரையில் உட்கார்ந்தது. அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. ஒட்டுப் போடும் வேகத்தைவிடத் துருவின் வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

பம்பை நம்புவதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உள்ளே புகுந்த தண்ணீர் பாரம் மட்டும் கூட்டுவதில்லை. அறை பாதி நிரம்பியிருந்தால், கப்பல் சற்றே சாயும்போது தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். சாய்ந்ததும், அதுவரை தண்ணீருக்கு மேலே இருந்த பழைய துளைகள் உள்ளே போகும். பல வருடம் சும்மா நின்ற கப்பல் ஒரே ராத்திரியில் கவிழ்வது இப்படித்தான். மின்சாரம் போய்விட்டாலோ, மிதவை சுவிட்சில் குப்பை சிக்கிவிட்டாலோ போதும். பழைய எரிபொருள் தொட்டிகளில் எண்ணெய் மிச்சம் இருந்தால், இறைத்த தண்ணீரை அப்படியே ஆற்றில் விடவும் முடியாது. பிரித்தெடுக்கும் செலவு தனி.

டெக்சஸ் மோசமான கட்டத்தில் இருந்தபோது நிமிடத்துக்கு 2,000 கேலன் அளவுக்குத் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது. 2017 ஜூனில் நீர்க்கோட்டுக்குக் கீழே சுமார் 6 அங்குலத்துக்கு 8 அங்குல ஓட்டை விழுந்து, வலப்பக்கம் ஆறு டிகிரி சாய்ந்தது. 1944-இல் நார்மண்டிக் கரையில் இதே கப்பல், பீரங்கிகளின் வீச்சு எட்டாமல் போனபோது, வலப்பக்கப் புடைப்பில் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்பிச் சாய்ந்து நின்று சுட்டது. டார்ப்பிடோ தாக்குதலைத் தாங்க இருபுறமும் பின்னாளில் சேர்த்த புடைப்புகள் அவை. பிற்காலத்தில் அதிகம் ஒழுகியதும் அவைதான். இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது வழி உலர்துறை. இதன் பலன் பெரிது. கப்பல் முழுவதும் கண்ணெதிரே வரும், எட்ட முடியாத தகடு என்று ஒன்று இருக்காது. அரித்ததை வெட்டி எறிந்து புதுத்தகடு வைக்கலாம், அடியிலிருந்து பெயின்ட் ஏற்றலாம், துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தலாம். கட்டி அரியும், கப்பல் தப்பிக்கும்.

டெக்சஸ் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தது. 2019-இல் மாநிலச் சட்டமன்றம் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. இழுக்கும் முன் புடைப்பு அறைகளில் விரிந்து இறுகும் நுரையை நிரப்பினார்கள், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் நுழைய இடம் இருக்கக் கூடாது என்று. 2022 ஆகஸ்ட் 31 அன்று இழுவைப் படகுகள் அதைக் கால்வெஸ்டனுக்குக் கொண்டுபோயின. 2024 மார்ச்சில்தான் மறுபடி தண்ணீரில் இறங்கியது. சார்ல்ஸ்டன் அருகே நின்ற லாஃபி நாசகாரி சின்னக் கப்பல். அதற்கே மாநில அரசிடம் 90 லட்சம் டாலர் கடன் வாங்க வேண்டியிருந்தது. 2009-இல் போன கப்பல் 2012-இல்தான் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

இந்த வழியில் மூன்று சிக்கல்கள். முதலாவது, இழுவை. துறைமுகத்தின் அசையாத தண்ணீரில் தாக்குப்பிடிக்கும் தகடு, அலையடிக்கும் திறந்த நீரில் தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பல வருடம் சேற்றில் புதைந்த கப்பலைக் கிளப்பவே வாய்க்கால் தோண்ட வேண்டும். இரண்டாவது, கதவு மூடிய மாதங்கள். டிக்கெட் வருமானம் நிற்கும்போதுதான் செலவு உச்சத்தில் இருக்கும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: புதுத்தகடு போட்ட கப்பல் திரும்பவும் அதே உப்புநீரில்தான் இறங்குகிறது. டெக்சஸ் 1990-இல் புதுப்பொலிவோடு வந்தது. இருபது வருடம் கழித்து மறுபடி ஒழுகியது. உலர்துறை ஏறுவது ஒரு தடவைச் செலவு என்று நினைத்துப் பணம் திரட்டுகிறவர்கள், அடுத்த தலைமுறைக்கு அதே பில்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த உலர்துறைக்கான நிதியை இந்த உலர்துறை முடிந்த அன்றே சேர்க்கத் தொடங்கும் நிர்வாகம் என்றால் தாராளமாக இந்த வழியில் போகலாம்.

அப்படியானால் தண்ணீரை விட்டே எடுத்துவிடலாமே? மூன்றாவது வழி அதுதான். கேட்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும்.

டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் நின்ற விக்டரி, 1922-இல் போர்ட்ஸ்மத் உலர்துறைக்குள் நிரந்தரமாகப் போனது. அப்போது அது மிதந்து நிற்கவே திணறும் நிலையில் இருந்தது. நூறு வருடம் கடந்தும் இன்று நம் கண்முன் நிற்கிறது என்றால் அந்த முடிவுதான் காரணம். 1905 சுஷிமாப் போரில் தளபதி தோகோவின் கொடிக்கப்பலான மிகாசாவை ஜப்பானியர்கள் யோகோசுகா கரையில் கான்கிரீட்டில் பதித்து, 1926-இல் நினைவுக் கப்பலாக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சீரழிந்து, 1961-இல் மீண்டும் உருப்பெற்றது. விசாகப்பட்டினம் கடற்கரை மணலில் குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் நிற்கிறது. மூழ்கும் பயம் இவற்றில் எதற்கும் இல்லை.

ஆனால் கரையேறினால் துரு நின்றுவிடும் என்பது தப்புக் கணக்கு. கப்பல் ஒன்றை எடுத்துக்காட்டாகப் பார்க்க வேண்டும் என்றால் பிரிஸ்டலில் இருக்கும் கிரேட் பிரிட்டன். போர்க்கப்பல் இல்லைதான், ஆனாலும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1843-இல் நீரில் இறங்கிய இரும்புக் கப்பல் அது. 1970-இல் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து தான் பிறந்த உலர்துறைக்கே வந்து சேர்ந்தது. தண்ணீருக்கு வெளியேயும் தகடு அரித்துக்கொண்டே இருந்தது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக உறிஞ்சிய உப்பு இரும்புக்குள்ளேயே இருந்தது. காற்றில் ஈரம் இருக்கும் வரை அந்த உப்பு தன் வேலையை நிறுத்தாது. அதனால் 2005-இல் நீர்க்கோட்டின் உயரத்தில் கப்பலைச் சுற்றிக் கண்ணாடிக் கூரை போட்டு, அதற்குக் கீழே இருக்கும் காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 20 சதவீதத்துக்கு இறக்கினார்கள். பாலைவனக் காற்று மாதிரி. கண்ணாடியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் விட்டிருப்பதால், மேலிருந்து பார்ப்பவருக்குக் கப்பல் மிதப்பதுபோலவே தெரியும். கீழே இறங்கினால் காய்ந்த துறையில் நின்றபடி அடிவயிற்றை அண்ணாந்து பார்க்கலாம். எவ்வளவு அழகான தீர்வு! ஆனால் ஈரம் நீக்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓட வேண்டும்.

எடையின் சிக்கலும் உண்டு. மிதக்கும் கப்பலைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கும். கட்டைகள் மேல் உட்கார்ந்ததும் பாரம் முழுவதும் சில இடங்களில் மட்டும் இறங்கும், உடல் மெல்ல வடிவம் மாறும். விக்டரிக்கு அண்மையில் நூற்றுக்கும் மேற்பட்ட புதுத் தாங்குகால்களை அளவுக்கருவிகளோடு பொருத்த வேண்டி வந்தது இதனால்தான். மரக்கப்பலுக்கே இந்தப் பாடு என்றால், கனத்த கவசத் தகடு சுமக்கும் பாட்டில்ஷிப்பை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பணம். டெக்சஸுக்கு உலர்மேடை கட்டும் திட்டத்துக்கு 2007-இல் வாக்காளர்கள் 2.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தத் தொகையில் உலர்மேடை கட்டி முடிக்க முடியாது என்று தெரியவந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள். நடுவே போன வருடங்களில் கப்பல் அரித்துக்கொண்டே இருந்தது. மிகச் சிறந்த தீர்வுக்காகக் காத்திருந்து சுமாரான தீர்வையும் இழக்கும் அபாயம் இந்த வழியில்தான் அதிகம். உலகில் வேறெங்கும் இல்லாத ஒற்றைக் கப்பல், பக்கத்திலேயே பயன்படாத பழைய உலர்துறை, பின்னால் அரசின் பலம் என்று மூன்றும் கூடிவந்தால் யோசிக்காமல் இதைச் செய்யலாம். கான்கிரீட்டில் பதிப்பதை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மிகாசா நிலைத்தது உண்மை. ஆனால் புதைத்த தகட்டைப் பின்னால் வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கவே முடியாது.

நான்காவது வழியைக் காஃபர்டேம் என்பார்கள். கப்பல் இருக்கிற இடத்தை விட்டு அசையாது. சுற்றிலும் எஃகுப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து ஆற்றுப்படுகையில் ஆழமாக அடித்து இறக்குவார்கள். சுவர் முழுமையானதும் உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, வெளித்தகட்டில் நேரடியாக வேலை பார்க்கலாம். வேலை முடிந்ததும் தண்ணீரை உள்ளே விட்டால் கப்பல் பழையபடி காட்சி தரும்.

அமெரிக்காவின் மொபைல் நகரில் நிற்கும் அலபாமா கப்பலுக்கு 2000-களின் தொடக்கத்தில் இப்படிச் செய்தார்கள். வில்மிங்டனில் நிற்கும் நார்த் கரோலைனாவுக்குச் சுவர் 2018-இல் முடிந்தது. அறுபதுகளில் தங்கள் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த சில்லறையும் சேர்ந்து காப்பாற்றிய கப்பல்கள் இரண்டும். நார்த் கரோலைனாவில் எனக்கு மிகவும் பிடித்தது, கப்பலைச் சுற்றி அவர்கள் போட்ட நடைபாதை. முன்பு ஒரு பக்கம் மட்டும் பார்க்க முடிந்த கப்பலை இப்போது முழுச் சுற்று நடந்து பார்க்கலாம். பழுதுபார்க்க வந்த செலவில் பார்வையாளருக்கும் ஒன்று கிடைத்தது.

இந்த வழி ஏன் மேலானது? இழுவை ஆபத்து இல்லை. மேல்தளங்களைத் திறந்துவைத்து வருமானத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, சுவர் நிரந்தரம். பதினைந்து வருடம் கழித்து மறுபடி நீர்க்கோடு அரித்தால் கப்பலை எங்கும் அனுப்ப வேண்டாம். வேண்டிய அளவு தண்ணீரை இறக்கி வேலையை முடிக்கலாம். உலர்துறை ஒரு பழுதைத் தீர்க்கிறது. காஃபர்டேம் இனி வரும் பழுதுகளையும் தீர்க்கும் வசதியைத் தருகிறது. பெரிய தொகையை ஒருமுறை திரட்டிவிட முடியும், ஆனால் இருபது வருடத்துக்கு ஒருமுறை திரட்ட முடியாது என்ற நிலையில்தான் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இது பொருந்துகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சேற்றில் புதைந்த அடித்தகட்டை இதனாலும் எட்ட முடியாது. சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் காற்றே இல்லாமல் இரும்பை அரிக்கும். தண்ணீரை இறைத்ததும் மிதவை விசை போய் முழு எடையும் சேற்றின் மேல் இறங்கும் என்பதால், மண்ணின் தாங்கும் திறனை முன்பே சோதிக்க வேண்டும். பாறைப் படுகையில் பலகை இறங்காது. கப்பல் ஓடும் கால்வாயின் ஓரம் என்றால் அனுமதி கிடைப்பதும் கஷ்டம்.

ஐந்தாவது, விட்டுவிடுவது. இதைப் பேசவே பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனால் பேசாமல் விட்டால் முடிவு தானாக வந்து சேரும். 1971 போரில் பங்கெடுத்த விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்று மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பாதுகாப்பு இல்லை என்று 2012-இல் மூடினார்கள். 2014-இல் 60 கோடி ரூபாய்க்கு விற்று உடைத்தார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளில் சேர்ந்தது. சார்ல்ஸ்டன் அருகே லாஃபியின் பக்கத்தில் நின்ற கிளாமகோர் நீர்மூழ்கியைக் கடலடியில் செயற்கைப் பவளத்திட்டாக்கும் பேச்சு பல வருடம் நடந்தது. கடைசியில் 2022-இல் உடைக்க அனுப்பினார்கள். ஓரிஸ்கனி விமானந்தாங்கியை 2006-இல் பென்சகோலாவுக்கு அப்பால் மூழ்கடித்ததுபோல் செய்வதும் மலிவான வேலை இல்லை. நச்சுப் பொருள்களை நீக்கிய பிறகே மூழ்கடிக்க முடியும். விட்டுவிடத்தான் வேண்டும் என்றால் கப்பல் இன்னும் மிதக்கும்போதே முடிவெடுங்கள். பீரங்கி, சுக்கான் சக்கரம், மாலுமிகள் சுவரில் கிறுக்கிய எழுத்துகள் எல்லாவற்றையும் நிதானமாகக் கழற்றவும், ஒவ்வொரு அறையையும் அளந்து படமெடுக்கவும் அப்போதுதான் நேரம் இருக்கும். மூழ்கிய கப்பலைத் தூக்கி உடைக்க ஆகும் செலவில் இது எதற்கும் மிச்சம் இருக்காது.

அப்புறம் ஒரு நிர்வாகக் குழு இந்த மாதம் என்ன செய்யலாம்? முதல் பணத்தை ஒட்டுக்கும் போடாதீர்கள், பெரிய திட்ட அறிக்கைக்கும் போடாதீர்கள். தகட்டின் கனத்தை அளக்கப் போடுங்கள். நாணய அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, கூழ் தடவி, மீயொலிக் கருவியின் முனையை வைத்தால் மில்லிமீட்டரில் எண் வரும். அதை அந்தத் தகட்டிலேயே சாக்கட்டியால் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். முழு நீர்க்கோட்டையும் இப்படி எண்களால் நிரப்பினால், கப்பல் இழுவையைத் தாங்குமா என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். தாங்கும், பக்கத்தில் உலர்துறை இருக்கிறது, அடுத்த முறைக்கும் பணம் வரும் என்றால் இரண்டாவது வழி. தாங்காது, ஆனால் படுகை மண் இடம் கொடுக்கும் என்றால் நான்காவது. இரண்டில் எது ஆனாலும், நீர்க்கோட்டில் எண் மிகக் குறைவாக வந்த இடங்களுக்கு அதே வாரம் ஒட்டுப் போடுங்கள், பம்புகளுக்குத் தனி ஜெனரேட்டர் வையுங்கள், மேல்தளத்தில் மழைநீர் இறங்கும் இடங்களை அடையுங்கள். ஒட்டுக்கு நியாயமான இடம் அங்கேதான், பெரிய வேலைக்குத் தேதி குறித்த பிறகு.